விருந்தினரா, வீட்டுப் பிள்ளையா?

வெளிநாட்டுக் கல்வி என்றதும் தமிழ்ப் பெற்றோரின் மனக்கண்முன் எழுவன இரண்டு. ஒன்று, பல்கலைக்கழகத்தின் உயர்ந்த கட்டடம். மற்றொன்று, வரவேற்பறைச் சுவரில் மாட்டப்படும் பட்டமளிப்பு விழாப் புகைப்படம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாள்களில் அப்பிள்ளை எங்கே உறங்கியது, எவர் சமைத்ததை உண்டது, தன் உடையை எவ்வாறு துவைத்தது, காய்ச்சல் கண்ட இரவில் எவர் கதவைத் தட்டியது என்னும் வினாக்கள் எழுவதே இல்லை. தப்பித் தவறி எழுந்தாலும், "அதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்வார்கள்" என்ற ஒரே விடையில் அடங்கிவிடுகின்றன. அந்த 'அங்கே' என்பது ஓர் இல்லம். 'பார்த்துக்கொள்வார்கள்' எனப்படுவோர் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தார். 16 வயதுப் பிள்ளையைப் பத்துத் திங்கள் அவர்கள் கையில் ஒப்படைக்கும் சமுதாயம், அந்த இல்லத்தினுள் அப்பிள்ளை எவ்வாறு வாழ வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கவும் மறுப்பது பொறுப்பின்மை அன்றி வேறென்ன?

பிற நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பயிலும் முறை புதியதன்று. முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயமுற்றோரை ஊர்திகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர் அமைப்பு ஒன்று, இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் தன் பணியை மாற்றிக்கொண்டது. காயத்திற்குக் கட்டுப் போடுவதினும், ஒரு நாட்டு இளைஞரை மற்றொரு நாட்டார் வீட்டில் வாழச் செய்வது மேலானது என்று கருதி, 1947-இல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. ஏ.எஃப்.எஸ். என்று உலகெங்கும் அறியப்படும் அவ்வமைப்பின் வழி, 1950-களின் இறுதி தொட்டு இம்மண்ணின் மாணவரும் அமெரிக்க இல்லங்களில் தங்கிப் பயின்று வந்துள்ளனர். 2001-ஆம் ஆண்டுச் செப்டம்பர்த் தாக்குதலுக்குப்பின், 2002-இல் அமெரிக்க அரசு ஏற்படுத்திய கென்னடி–லூகர் இளையோர் பரிமாற்றத் திட்டத்தின் கீழும் மலேசியப் பிள்ளைகள் சென்றனர். இவ்வகைப் பரிமாற்றத்தில் பிள்ளையை ஏற்கும் அமெரிக்கக் குடும்பத்திற்கு ஊதியம் ஏதுமில்லை. உணவும் இடமும் அக்குடும்பம் தானே மனமுவந்து தருவன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்குச் சொந்தச் செலவில் செல்லும் மாணவரின் நிலை வேறு. அங்கே வாரக் கட்டணம் செலுத்திக் குடும்பத்தோடு தங்குவர். கட்டணம் உண்டோ இல்லையோ, பிள்ளை வாழப்போவது ஒரு வீட்டில், விடுதியில் அன்று.

இக்குடும்பத்தைத் தமிழில் 'விருந்தோம்பும் குடும்பம்' என்று சிலர் எழுதுகின்றனர். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் குழப்பத்தில் பாதி அச்சொல்லிலிருந்தே தொடங்குகிறது. விருந்து என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியம் செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றாக 'விருந்து' என்பதனைக் கூறுவது அப்பொருளில்தான். புதிதாய் வந்தவரைப் போற்றுவது தமிழர் அறம். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால், விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி வைத்தவரும் தமிழரே அல்லரோ? நான்காம் நாள் முதல் அவர் விருந்தினர் அல்லர். வீட்டில் ஒருவராக வேண்டும், இல்லையேல் விடைபெற வேண்டும். பத்துத் திங்கள் தங்கப் போகும் பிள்ளை முதல் மூன்று நாளைக் கழித்தால், ஏறத்தாழ 300 நாள்கள் அந்த வீட்டுப் பிள்ளையாக வாழ வேண்டியிருக்கிறது. அந்த 300 நாளுக்கு எவரும் அதனை ஆயத்தப்படுத்துவதில்லை. ஆகவே, 'ஏற்ற குடும்பம்' என்று கூறுவதே பொருந்தும். பிள்ளையை ஏற்கிறார்கள், பிள்ளையும் அவர்களை ஏற்க வேண்டும்.

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் அத்தகைய வீட்டின் ஒரு நாள் எவ்வாறு விடிகிறது என்று காண்க. காலை 6 மணிக்குக் கடிகாரம் அடிக்கும். எழுப்புவதற்கு ஆள் வராது. குளியலறை ஒன்றாயின் ஒவ்வொருவர்க்கும் உரிய நேரம் உண்டு. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். அவ்வறையின் தரையில் நீர் வடியும் வழி பெரும்பாலும் இருப்பதில்லை. குளியல் தொட்டியினுள் நின்று, திரையை உள்ளே இழுத்துவிட்டுக் குளிக்க வேண்டும். வாளியும் குவளையுமாய்ப் பழகிய பிள்ளை தரையெல்லாம் நனைத்துவிட்டு வந்தால், நீர் கசிந்து கீழ்த்தளத்துக் கூரை ஊறிவிடும். காலை உணவை அவரவரே எடுத்துக்கொள்வர்: கிண்ணத்தில் தானியம், மேலே குளிர்ந்த பால். உண்ட கிண்ணத்தை அலசி இயந்திரத்தினுள் அடுக்கிவிட்டு, மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துக்காகத் தெருமுனையில் நிற்க வேண்டும். மாலையில் 6 மணி அளவில் இரவு உணவு. அந்த மேசையில் எல்லாரும் அமர்வர், எல்லாரும் பேசுவர், "இன்று என்ன நடந்தது?" என்று கேட்பர். உணவு முடிந்ததும் ஒருவர் மேசையைத் துடைப்பார், ஒருவர் கலன்களைக் கழுவுவார், ஒருவர் குப்பையைத் தெருவோரம் கொண்டு வைப்பார். சனிக்கிழமையில் துணி துவைத்தல், கம்பளத்தைத் தூய்மை செய்தல், புல் வெட்டுதல். வடபகுதி மாநிலமாயின் குளிர்காலத்தில் வாயிற்பாதையின் பனியை வாரி ஒதுக்கும் வேலையும் சேரும். நாய் ஒன்று இருக்கும். அது வாசலில் கட்டப்பட்டிராது, நாற்காலியில் படுத்திருக்கும். அதனை உலாத்தக் கொண்டு செல்வதும் ஒருவர் பொறுப்பே.

இவ்வீட்டினுள் நுழைகிறது நகர்ப்புறத் தமிழ்ப் பிள்ளை ஒன்று. பள்ளியில் முதல் மாணவன். பேச்சுப் போட்டியில் பரிசு பெற்றவன். கராத்தேயில் கறுப்புப் பட்டை. உண்டு முடித்ததும் கையை மட்டும் கழுவிக்கொண்டு, தட்டை மேசையிலேயே விட்டு எழுந்து செல்கிறான். அவன் கெட்ட பிள்ளை அல்லன். பதினாறு ஆண்டுகளாக அவனுடைய தட்டு தானாகவே மறைந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை மறைத்த கை தாயின் கையா, தமக்கையின் கையா, இந்தோனேசியப் பணிப்பெண்ணின் கையா என்று அவன் திரும்பிப் பார்த்ததில்லை. அவனைப் பார்க்க விட்டதும் இல்லை. "நீ போய்ப் படி" என்பது தமிழ் இல்லங்களில் ஆண்பிள்ளைக்கு மட்டும் வழங்கப்படும் நிரந்தர விடுமுறைச் சீட்டு. அதே வீட்டின் பெண்பிள்ளைக்கும் பரீட்சை உண்டு. ஆனால் அவளுக்கு அச்சீட்டு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. இதனால் விளைந்த விந்தை யாதெனில், வெளிநாட்டு வீட்டின் முதல் மாதத்தில் மதிப்பெண் பட்டியலில் பின்தங்கிய தங்கை தலைநிமிர்ந்து வாழ்வாள். முதல் மாணவனான அண்ணன் தலைகுனிந்து நிற்பான்.

தட்டைக் கழுவாததால் வானம் இடிந்து விழுந்துவிடுமோ என்று கேட்பவர் உளர். வானம் இடியாது. ஆனால், பகல் முழுவதும் பணி செய்து திரும்பிய அந்த வீட்டுத் தாய், அயல்நாட்டுப் பிள்ளை தன்னைப் பணியாளாகக் கருதுகிறது என்று எண்ணுவாள். அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், சிரிப்புக் குறையும். சிரிப்புக் குறைந்ததன் காரணம் புரியாத பிள்ளை அறைக்குள் ஒடுங்கும். அறைக்குள் கைப்பேசி இருக்கிறது. கைப்பேசியினுள் கோலாலம்பூர் இருக்கிறது.

இங்கேதான் பெற்றோரின் இரண்டாம் பிழை தொடங்குகிறது. மலேசியாவில் இரவு 9 மணி எனின், கோடைக்காலத்தில் நியூயார்க்கில் அன்று காலை 9 மணி. குளிர்காலத்தில் காலை 8 மணி. இங்கே வேலை முடித்து, உண்டு, ஓய்ந்து அமர்ந்து தாய் அழைக்கும் நேரம், அங்கே பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரம். ஆதலின், இவர்கள் விடியற்காலையில் எழுந்து, அங்கே அந்தி சாயும் நேரத்தில் அழைக்கின்றனர். அதுவோ மேசையைச் சுற்றி எல்லாரும் அமரும் நேரம்! நாள்தோறும் அவ்வேளையில் எழுந்து சென்று கதவைச் சாத்திக்கொண்டு, "சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்? சோறு கிடைக்கிறதா?" என்னும் வினாக்களுக்கு விடையிறுத்துக் கொண்டிருக்கும் பிள்ளை எங்கே வாழ்கிறது? உடல் ஓரூரிலும் உயிர் ஓரூரிலும். வான்கடிதம் சென்று சேர இரு வாரம் ஆன காலத்தில் சென்றவர்கள், அழுவதற்குக்கூட அந்த வீட்டாரின் தோளையே நாட வேண்டியிருந்தது. அழுதார்கள், அதனால் ஒட்டிக்கொண்டார்கள். தாயின் குரல் நாளும் கேட்பது அன்புதான் எனினும், பிள்ளை அங்கே வேரூன்றும் முன்னரே அன்றாடம் பிடுங்கிப் பார்க்கும் அன்பு அது. வாரம் ஒருமுறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில் பேசுவது என்று முடிவு செய்ய எத்தனை வீடுகளுக்கு மனத்துணிவு இருக்கிறது?

பிறர் வீட்டில் தங்கிப் படித்தல் மலேசியத் தமிழர்க்கு அறிமுகமாகாத ஒன்றெனில், இவ்வளவு கடிந்துரைக்க வேண்டியதில்லை. தோட்டப்புறத்தில் ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமாயின் பட்டணத்திற்குப் போக வேண்டும். பேருந்து வசதியற்ற தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சித்தப்பா வீட்டிலோ, தந்தையின் நண்பர் வீட்டிலோ தங்கிப் படித்தே இடைநிலைக் கல்வியை முடித்தனர். கூட்டிப் பெருக்கினர், கடைக்கு ஓடினர், அவ்வீட்டுச் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தனர். அதற்கு முன்பே லயத்து வீட்டில் அவர்கள் பெற்ற பயிற்சி ஒன்றுண்டு. விடியும் முன் பெற்றோர் பால் மரம் வெட்டப் புறப்பட்டுவிடுவர். தம்பி தங்கையை ஆயாக் கொட்டகையில் விட்டு, தண்ணீர் பிடித்து வைத்து, விறகு பொறுக்கி வைத்து, பிறகு பள்ளிக்குச் சென்ற தலைமுறை அது. வறுமை நல்லது என்று எவரும் வாதிடவில்லை. அவ்வாழ்க்கை ஒழிந்ததில் மகிழ்ச்சியே. ஆனால், வறுமையைத் துரத்திய கையோடு பிள்ளையின் கைத்திறனையும் துரத்திவிட வேண்டும் என்று எவர் விதித்தது? அன்று 12 வயதில் வீட்டைத் தாங்கிய சிறுவனே இன்று தாத்தாவாகி, 16 வயதுப் பேரனின் காலணிக்கயிற்றைக் கட்டிவிடுகிறார். அதையும் பெருமையாகக் கருதுகிறார்.

கேட்கத் தெரியாமை மற்றொரு குறை. இது பழைய நோய், பெரியோரையும் விட்டுவைத்ததில்லை. 1888-இல் இலண்டன் சென்ற காந்தியடிகளிடம், சட்டம் படிப்பதினும் ஆங்கிலேயர் வாழ்க்கையை அறிவதே முதன்மை, அதற்கு ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்று அறிவுறுத்தியவர் மருத்துவர் பிராண்ஜீவன் மேத்தா. அவ்வாறே அவர் ஒரு விதவை அம்மையாரின் வீட்டில் தங்கினார். ஊன் உண்பதில்லை என்று தாய்க்கு அளித்த வாக்குறுதி ஒருபுறம். உப்பும் காரமும் இன்றி அவித்த காய்கறி ஒருபுறம். இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க நாணி, அரைவயிற்றோடு எழுந்தார். அவ்வீட்டுப் பெண்மக்கள் இருவர் இன்னும் ஒரு துண்டு உண்ணுமாறு வற்புறுத்துவார்களாம். முழு ரொட்டி ஒன்று வேண்டியிருந்தது என்பதை அவர்கள் அறியார். இவற்றைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே மறைக்காமல் எழுதியுள்ளார்.

கணித மேதை இராமாநுசன் கதை அதனினும் நெஞ்சை உறுத்துவது. 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்த அவர், முதல் சில வாரங்கள் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் நெவில் அவர்களின் இல்லத்தில் தங்கினார். பின்னர்க் கல்லூரி அறைக்கு மாறினார். குளிர்காலத்தில் ஒரு நாள் அவர் அறைக்குச் சென்ற மகலனோபிஸ், இரவில் குளிருக்கு என்ன செய்கிறீர் என்று வினவினார். மேற்சட்டையை அணிந்து, சால்வையைப் போர்த்தி உறங்கியும் நடுக்கம் தீரவில்லை என்றார் இராமாநுசன். படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது அம்மேதைக்குத் தெரியவில்லை. மேல்விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு நடுங்கியிருக்கிறார். எண்களின் கமுக்கம் அறிந்தவருக்குப் படுக்கையின் கமுக்கம் தெரியவில்லை. தெரியாததில் இழுக்கு ஒன்றுமில்லை. ஒருவரிடம் ஒரு வினா கேட்டிருந்தால் அத்துன்பம் நேர்ந்திராது என்பதே கருதத்தக்கது.

தமிழ் வீட்டில் கேட்பது குறைவு, குறிப்பறிதல் மிகுதி. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றால் "வேண்டாம்" என்பது பண்பு, மீண்டும் வற்புறுத்துவது பரிவு, மூன்றாம் முறை தட்டை நீட்டுவது உடன்பாடு. இந்த நாடகத்தின் உரையாடல் அமெரிக்க மேசையில் எவர்க்கும் தெரியாது. "வேண்டாம்" என்றால் வேண்டாம் என்றே பொருள். பாத்திரம் அடுத்தவரிடம் சென்றுவிடும். பிள்ளை பசியோடு படுக்கும். மறுநாள் தாயிடம், "இவர்கள் சாப்பாடு போடுவதில்லை" என்று முறையிடும். தாய் உறவினர் அனைவர்க்கும் பறைசாற்றுவாள். அரண்மனையில் பட்டினி கிடந்த கதையாக அது ஊரெல்லாம் உலாவும். அந்த வீட்டாரோ, பிள்ளைக்குப் பசியில்லை போலும் என்று கவலையுறுவர். இதில் குற்றவாளி எவர்? "ஆம், வேண்டும்" என்று சொல்வது அநாகரிகம் என்று கற்பித்தவரே அல்லரோ?

இவற்றையெல்லாம் சுட்டினால், பண்பாட்டுக் காவலர் சிலர் கொதித்தெழுவர். "வெள்ளையர் வீட்டு வழக்கத்தைப் பழகினால் தமிழ்ப் பண்பு என்னாவது?" என்பது அவர்தம் வினா. தட்டு கழுவுவதும், படுக்கையை மடிப்பதும், உண்மையான பசியை உண்மையாகச் சொல்வதும் வெள்ளையர்க்கு மட்டும் உரியவை என்று இவர்கள் எப்போது பட்டா எழுதிக் கொடுத்தனர் என்று தெரியவில்லை. ஜப்பானியர் வீட்டில் தங்கும் மாணவர், வாயிலில் காலணியைக் கழற்றி முனை வெளிநோக்க வைக்கவும், தொட்டிக்கு வெளியே உடலைத் தேய்த்துக் கழுவிய பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்கவும் பழகுகின்றனர். ஒரே நீரைக் குடும்பத்தார் அனைவரும் பயன்படுத்துவதால் வந்த ஒழுங்கு அது. அதனைப் பழகியதால் எவரும் ஜப்பானியராகிவிடவில்லை.

பண்பாடு உண்மையில் இழிவுறுவது வேறிடத்தில். தைத்திங்கள் பிறக்கும்போது வட அமெரிக்காவின் பெரும்பகுதி உறைபனியில் கிடக்கும். அந்த வேளையில், "உங்கள் திருநாள் என்ன? எதற்காகக் கொண்டாடுகிறீர்கள்?" என்று அந்த வீட்டார் கேட்பர். அறுவடைத் திருநாள் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் பிள்ளை விழிக்கும். அரிசியும் பருப்பும் வெல்லமும் கலந்து பொங்கல் வைக்கத் தெரியாது. வெல்லம் கிடைக்காவிடில் பழுப்புச் சர்க்கரையைக் கொண்டு ஒப்பேற்றலாம் என்னும் சமயோசிதமும் இராது. கோலத்திற்குப் புள்ளி வைக்க வராது. தமிழில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால், 247 என்று சொல்லத் தெரியும். அவற்றுள் தன் பெயரை அழகுற எழுதிக்காட்டத் தடுமாறும். ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டி மேடையேறிய பிள்ளைதான் அது! பானையின் அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டது. பானையின் உள்ளே என்ன நிகழ்ந்தது என்று பார்த்ததில்லை. பெட்டியில் மசாலைப் பொட்டலங்களை அடைத்து அனுப்பும் பெற்றோர், அவற்றை என்ன செய்வதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பருகே நிறுத்திக் கற்பித்திருந்தால், பண்பாடு தானே கடல் கடந்திருக்கும்.

"காசு கொடுத்துத் தங்குகிறோம், வேலை எதற்குச் செய்ய வேண்டும்?" என்பாரும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பிள்ளையை அனுப்புவோர் எழுப்பும் வினா இது. கட்டணம் அறைக்கும் உணவுக்கும் உரியது. அவ்வீட்டாரின் அன்புக்கு உரியதன்று. அன்பு வாரக் கணக்கில் விற்கப்படுவதில்லை. எனினும், இவ்வினாவின் மறுபக்கம் ஒன்றுண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஏற்ற குடும்பம் அனைத்தும் நல்ல குடும்பம் என்று எவராலும் உறுதி கூற முடியாது. கட்டணத்தை வாங்கிக்கொண்டு, பழைய உணவை வைத்து, பிள்ளையைக் குழந்தை பார்க்கும் கூலியில்லா ஆயாவாக ஆக்குவோரும் இருக்கலாம். அதனினும் கொடியவை நிகழவும் இடமுண்டு. அதனாலன்றோ நாடுகள் விதிகளை வகுத்துள்ளன! அமெரிக்கப் பரிமாற்றத் திட்டத்தில், பிள்ளையை ஏற்கும் வீட்டில் வாழும் 18 வயது நிறைந்தோர் அனைவரின் குற்றப் பின்னணியும் ஆராயப்பட வேண்டும். வீட்டை நேரில் சென்று காண வேண்டும். பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும். பொறுப்பாளர் மாதந்தோறும் பிள்ளையோடு பேச வேண்டும். ஆஸ்திரேலியாவில், 18 வயது நிறையாத மாணவர் பெற்றோருடனோ தகுதியுடைய உறவினருடனோ தங்காவிடில், அவர்தம் இருப்பிடத்திற்கும் நலனுக்கும் கல்வி நிலையம் பொறுப்பேற்றால்தான் மாணவர் விசா கிடைக்கும். நியூசிலாந்து, அயல்நாட்டு மாணவர் நலன்காப்புக்கென 2002-இலேயே விதித்தொகுப்பை நடைமுறைப்படுத்தியது. 2021-இல் புதுப்பித்த தொகுப்பு 2022 முதல் நடப்பில் உள்ளது.

விதி இருந்து என்ன பயன், வாய் திறவாத பிள்ளைக்கு? மாதந்தோறும் பொறுப்பாளர் வந்து, "எல்லாம் நலமா?" என்று கேட்கிறார். "நலம்" என்று சொல்லுமாறு பிறந்த நாள் முதல் பழக்கப்பட்டிருக்கிறது பிள்ளை. பெரியவரைக் குறை கூறாதே. வந்த இடத்தில் அனுசரித்துப் போ. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே. பெண்பிள்ளைக்குப் பொறுமையே அழகு. இந்த நான்கு பாடங்களும் தமிழ் இல்லங்களில் தடையின்றி நடத்தப்படுகின்றன. இவற்றைக் கற்றுத் தேர்ந்த பெண், அந்த வீட்டில் ஒருவர் கதவைத் தட்டாமல் அறைக்குள் நுழைகிறார் என்பதை எவரிடம் சொல்வாள்? "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்னும் மூன்று சொற்களை அவள் எந்த மொழியிலும் உரக்கச் சொன்னதில்லையே! தாயிடம் சொன்னால் உடனே திரும்பி வரச் சொல்வார்கள். ஊரார் என்ன காரணமோ என்று பேசுவார்கள். ஆகவே தாயிடமும் சொல்லமாட்டாள். பிள்ளையை அயலார் வீட்டில் விடும் முன், அவசர எண்ணை மனப்பாடம் செய்விப்பதோடு, அதனை அழைப்பது குற்றமன்று என்றும், அழைத்துவிட்டுத் திரும்பி வந்தால் கதவு திறந்தே இருக்கும் என்றும் தாயும் தந்தையும் ஒருங்கே அமர்ந்து சொல்ல வேண்டும். இதைச் சொல்லாத பெற்றோர், எத்தனை ஆயிரம் வெள்ளி செலவிட்டிருந்தாலும், பிள்ளையைப் பாதுகாப்பின்றியே அனுப்பியுள்ளனர். இதில் நயத்துக்கு இடமில்லை.

பணிவு வேறு, வாய்பேசாமை வேறு என்று பகுத்துக் காட்டுவது ஒரே பிள்ளைக்கு இரு பாடம் கற்பிப்பதாகாது. தன் பங்கு வேலையைத் தானே எடுத்துச் செய்பவளுக்கே, பங்குக்கு மிஞ்சிய வேலையைத் தலையில் கட்டினால் "இது என் பங்கன்று" என்று சொல்லும் தகுதி வருகிறது. விருந்தினருக்குக் கடமையும் இல்லை, உரிமையும் இல்லை. கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு புன்னகைக்க வேண்டியதுதான். வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் உண்டு.

எதிர்த்திசையில் நிகழ்வதும் இதே கதையே. ஜெர்மனியிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ ஒரு மாணவி மலேசியத் தமிழர் வீட்டிற்குத் தங்க வருகிறாள் என்று கொள்க. அவள் துடைப்பத்தைத் தொட்டால் வீடே பதறும். "நீ உட்காரம்மா" என்று நாற்காலியில் அமர்த்தி, வீட்டார் உண்ணும் முன் அவளுக்குப் பரிமாறி, கரண்டியும் முள்ளும் தேடிக் கொடுத்து, மாலையானால் பேரங்காடிக்கு அழைத்துச் செல்வார்கள். சோற்றைக் கையால் பிசைந்து உண்ணவும், வாசல் தெளிக்கவும், பாட்டியோடு அமர்ந்து கீரை ஆயவும் அவள் ஆசைப்பட்டு வந்திருப்பாள். பத்து மாதத்தின் முடிவில் பேரங்காடிகளின் பெயர்கள் அவளுக்குத் தெரிந்திருக்கும். பாட்டியின் பெயர் தெரிந்திராது. ஓம்பியே ஒதுக்கிவைக்கும் கலையில் தமிழர்க்கு நிகர் தமிழரே.

பள்ளிகளும் இதில் கைகழுவிவிட முடியாது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் வகுப்புக் கடமை அட்டவணை சுவரில் தொங்காத வகுப்பறை அரிது. அட்டவணையில் பெயர் இருக்கிறது. துடைப்பத்தை எடுப்பவர் எவர் என்பதே வினா. "என் பிள்ளையைக் கூட்டச் சொன்னீர்களாமே?" என்று மறுநாள் காலையில் அலுவலக வாயிலில் நிற்கும் தந்தையைக் காணாத பள்ளி எது? அத்தந்தையே, பிள்ளை ஆறாண்டு கழித்து அமெரிக்கா செல்லத் தேர்வு பெற்றதும் இனிப்புப் பெட்டியோடு அதே வாயிலில் நிற்பார். ஆறாம் ஆண்டுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. அத்தேர்வின் பெயரால் பிள்ளைகளின் மாலைப் பொழுதையெல்லாம் விழுங்கிய காலம் போயிற்று. அவ்வாறு மிஞ்சிய பொழுதில் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுக்கலாமே! அதற்கும் ஒரு பயிற்சி நூல் வெளிவந்தால்தான் தொடங்குவார்கள் போலும்.

பரிமாற்றத் திட்டத்திற்கு விண்ணப்பிக்கும் மாணவர், தம்மை ஏற்கப்போகும் குடும்பத்திற்குத் தம்மை அறிமுகம் செய்து ஒரு கடிதம் எழுதுவது வழக்கம். எந்த வீடு என்று தெரியும் முன்பே எழுதப்படுவது அது. அக்கடிதத்தைப் படித்தே ஒரு குடும்பம், "இந்தப் பிள்ளை வரட்டும்" என்று முடிவு செய்கிறது. துணைப்பாட ஆசிரியர் திருத்த, மாமா மெருகேற்ற, தந்தை ஒப்புதல் அளிக்க உருவாகும் கடிதங்களில் காணப்படுவன: எஸ்.பி.எம். தேர்வில் எதிர்பார்க்கும் 'ஏ'க்களின் எண்ணிக்கை, சீருடை இயக்கத்தில் வகித்த பதவிகள், மாவட்ட அளவில் பெற்ற கிண்ணங்கள், பொழுதுபோக்கு நூல் படித்தல். ஏற்கும் வீட்டாருக்கு வேண்டிய செய்தி அதில் ஒன்றுமில்லை. பிள்ளை காலையில் தானே எழுமா? நாய்க்கு அஞ்சுமா? மாட்டிறைச்சி உண்ணாது எனின், அதே மேசையில் மற்றவர் உண்பதைப் பொறுக்குமா? தம்பியோடு எதற்காகச் சண்டையிடும்? கோபம் வந்தால் பேசுமா, பேசாதிருக்குமா? எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடிக்கும்? இவற்றுக்கு விடையெழுதப் பிள்ளைக்கு மட்டுமே இயலும். பேனாவை அதனிடம் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் அறையைவிட்டு வெளியேற வேண்டும். கடிதத்தில் இரண்டொரு பிழை இருக்கும், இருக்கட்டும்.